திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு மலை

கல்லே இல்லாத சீமையில் கல் செய்து பிழைப்பது என் தொழில்.

தஞ்சாவூருக்குக் கிழக்கே எங்கே தோண்டினாலும் மண்தான், மண்ணுக்குக் கீழேயும் மண்தான். அதனால்தானோ என்னவோ, இங்கே வீடு கட்டி முடித்தவர்களுக்கெல்லாம் வாசலில் ஒரு பாறை இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. என்னைத் தேடி வருகிறார்கள். கம்பியை வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் கோழி வலை சுற்றி, சிமெண்ட் கலவையை அப்பி, இறுகுவதற்குள் கரணையால் செதுக்கி, ஆக்சைடு பொடியைக் கரைத்து நிறம் ஏற்றினால் பாறை தயார். பாறை மட்டுமில்லை. விழுந்து கிடக்கும் மரம், மூங்கில் வேலி, அருவி, எது கேட்டாலும் சிமெண்டிலேயே செய்து தருவேன். தட்டினால்தான் பானைச் சத்தம் கேட்கும். தட்டாமல் பார்த்தால் நன்றாக இருக்கும்.

கம்பி வேலைக்கு என்னுடன் வருபவர் பழனியண்ணன். வீடு கட்டும் இடங்களில் தூணுக்கும் தளத்துக்கும் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர். ஆயுசு முழுக்கக் கம்பியை நிமிர்த்தியவனைப் பிடித்து வளைக்கச் சொல்கிறாயே என்று இன்றைக்கும் என்னிடம் புலம்புவார்.

அடுத்தவர் மனதில் இருப்பதைக் கையால் செய்து கொடுக்கும் வேலையில் நீங்களும் இருக்கிறீர்களா? ஜாக்கெட் தைப்பவரா, கல்யாண மேடை ஜோடிப்பவரா, மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுபவரா? அப்படியானால் நீங்களும் நம்ம ஜாதிதான். கீழே இருப்பதெல்லாம் வேறு வேறு பெயரில் உங்களுக்கும் நடந்திருக்கும்.

தேக்கு

தஞ்சாவூரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில், பட்டுப்போய் விழுந்த மரம் மாதிரி ஒரு பெஞ்சு செய்து போட்டோம். பட்டை உரிந்த இடம், கிளை முறிந்த இடம், எறும்பு அரித்த ஓட்டை எல்லாம் வைத்தேன். அந்த ஓட்டைகளுக்காகவே ஒரு மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவு இழைக்க வந்த ஆசாரி ஒருவர் அந்தப் பெஞ்சையே சுற்றிச் சுற்றி வந்தார். டேப்பை எடுத்து நீளம் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரமாகக் குனிந்து பார்த்தார். அவர் மனதில் அதற்குள் ஒரு கட்டிலும் இரண்டு நாற்காலியும் உருவாகிவிட்டது முகத்திலேயே தெரிந்தது. பாவமாக இருந்தது. சிமெண்ட் என்று சொல்லிவிட்டேன். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு டேப்பைச் சட்டைப்பையில் போட்டார்.

"சொல்லாம இருந்திருக்கலாம்மா. இன்னிக்குப் பூரா நல்ல தேக்கு ஒண்ணு பாத்தோம்னு நெனச்சுக்கிட்டே வீட்டுக்குப் போயிருப்பேன்."

மலை கிடைக்குமா?

ஒரு சித்திரை மாத மத்தியானம் போன் வந்தது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரஹ்மத் என்ற அம்மா பேசினார்கள். "மலை செஞ்சு குடுப்பீங்களாமே?" என்றார்கள். மீன் தொட்டிக்குள் வைக்கிற மாதிரியா என்று கேட்டேன். "மீனுக்கு இல்லம்மா, எங்க வீட்டுக்காரருக்கு" என்றார்கள்.

அவர் பெயர் ஜமால். ஓமனில் சாரம் கட்டும் வேலைக்கு வாலிபத்தில் போனவர், தலை நரைத்துத் திரும்பியிருந்தார். வீடு கட்டியாயிற்று, மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனிமேல் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான் பாக்கி. அதுதான் அவருக்கு வரவில்லை. கொல்லைப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வயலைப் பார்ப்பாராம். "கண்ணு பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கு ரஹ்மத்து, முட்டிக்கிட்டு நிக்க ஒண்ணுமே இல்ல" என்பாராம். அங்கே அவர் தங்கியிருந்த அறையின் ஜன்னலுக்கு எதிரே ஒரு மலை இருந்ததாம். இப்போது பழைய கூட்டாளி ஒருவர் போன் மேல் போன் போட்டு, ஒரு கிடங்கில் வாசல் காவல் வேலை இருக்கிறது, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், வந்துவிடு என்கிறாராம். இவரும் பாஸ்போர்ட்டைத் தூசி தட்டி வைத்திருக்கிறாராம்.

கல்யாணமான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து போகும் விருந்தாளியாகவே புருஷனைப் பார்த்த பெண் அவர். சொல்லும்போது குரல் உடையவில்லை. அரிசி, பருப்பு வாங்கும் குரலிலேயே சொன்னார்.

"அவரு இனிமே என்கூட இருக்கணும்மா. அதுக்கு ஒரு மலைதான் வேணும்னா, ஒரு மலையை வாங்கிப் போட்டுடுறேன்."

போட்டோ

எந்த மலை என்று தெரிந்தால்தானே செய்ய முடியும்? பழனியண்ணனோடு அவர்கள் வீட்டுக்குப் போய், போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். ரஹ்மத் அக்கா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தார். நிறைய இருந்தன. கறுப்புக் கண்ணாடி போட்ட ஜமால் பாய், மீசை வைத்த ஜமால் பாய், மீசை எடுத்த ஜமால் பாய். எல்லாவற்றிலும் முகம்தான் முழுசாக இருந்தது. காதுக்கு மேலே பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதுதான் மலை என்றார் பாய்.

பழனியண்ணன் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இடது காதுப் பக்கம் கொஞ்சம் மலை இருக்கு. வலது தோளுக்கிட்ட கொஞ்சம் இருக்கு. நடுவுல பூரா நீங்கதான் இருக்கீங்க பாய்" என்றார். ஏன் கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கக் கூடாதா என்று நான் சலித்துக்கொண்டேன். பாய் மெதுவாக அக்காவைப் பார்த்தார். அக்கா படங்களை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"முகம் தெரியுற மாதிரி எடுத்து அனுப்புங்கன்னு நான்தாம்மா லெட்டர் போட்டேன். பின்னால மலை நிக்குதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

மேகம்

ஆகவே பாயின் ஞாபகத்தை வைத்துத்தான், கொல்லையில் அவர் நாற்காலிக்கு எதிரே, ஆளுயரத்துக்கு மேல் வருகிற மாதிரி கட்ட ஆரம்பித்தோம். வாடிக்கையாளரின் ஞாபகத்தை அளவாக வைத்து வேலை செய்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு வரும். விட்டுக்கொள்ளுங்கள். உச்சி இப்படி இருக்கும் என்று பாய் கையைத் தூக்கிக் காட்டுவார். பழனியண்ணன் கம்பியை வளைப்பார். பாய் தள்ளிப் போய் நின்று பார்த்துவிட்டு, "இல்ல, கொஞ்சம் அலுப்பா நிக்கும்" என்பார். கம்பியை எப்படி அலுப்பாக வளைப்பது?

ஒருநாள் சாயங்காலம், வெடிப்பு விட்டுக் காய்ந்து கிடந்த வயலுக்கு அந்தப் பக்கம், கடல் இருக்கும் திசையில் மேகம் எழும்பி நின்றது. எங்கள் ஊர்களில் மலை என்று ஏதாவது தென்பட்டால் அது மேகமாகத்தான் இருக்கும். பாய் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அதேதான்! அந்தத் தோள்பட்டை, அந்த இறக்கம், அதேதாம்மா!" என்றார். நான் பென்சிலைத் தேடினேன், பழனியண்ணன் போனைத் தேடினார். போனில் கேமராவைத் திறப்பதற்குள் மலை ஒட்டகமாகி, ஒட்டகம் பஞ்சாகிப் போய்விட்டது. மூன்று பேரும் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்படி நின்றது எனக்கு ஏனோ பிடித்திருந்தது. பழனியண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

"அடுத்த தடவை கொஞ்சம் நின்னு போஸ் குடுக்குற மேகமாப் பாத்துச் சொல்லுங்க பாய்."

அருவி

மலை என்றால் அருவி என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆற்றுத் தண்ணீரையே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மலை எதற்கு இருக்கிறது? தண்ணீர் விழத்தான். அதனால் பாயிடம் கேட்காமலே பழனியண்ணன் உள்ளே குழாய் விட்டு, கீழே தொட்டி கட்டி, மோட்டாரும் மாட்டிவிட்டார். ஒரு காலையில் எல்லோரையும் கூப்பிட்டு சுவிட்சைப் போட்டார். தண்ணீர் சலசலவென்று வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலியோரம் நின்று "ஆகா" என்றார்கள்.

பாய் முகம் சுண்டிவிட்டது. அந்த மலையில் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது, ஒரு புல் கிடையாது, ஒரு காக்கை உட்கார்ந்து பார்த்ததில்லை என்றார். பழனியண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. புல்லும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் அப்படி ஒரு மலையை எதற்குத்தான் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டே விட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பாய் கோபித்துக்கொள்ளவில்லை. குனிந்து சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீர் சொட்டி முடிகிற வரை நின்றார்.

"பாக்குறதுக்கு அங்க வேற என்னண்ணே இருந்துச்சு?"

கோணிப் போர்வை

பூச்சு வேலை முடிந்தால் சிமெண்டைக் காயவிடக் கூடாது. வைகாசி வெயிலில் விட்டால் பாளம் பாளமாக வெடித்துவிடும். கோணிச் சாக்கை நனைத்து மலை முழுக்கப் போர்த்தி, விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கியூரிங் என்பார்கள். இதற்கென்று ஓர் ஆளை வைக்கிறேன் என்றேன். பாய் விடவில்லை, தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

காலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து ஊற்றுவார். வெயில் ஏறியதும் ஊற்றுவார். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு, சாக்கு காய்ந்திருக்குமோ என்று எழுந்து போவார். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு யாரோ பெரிய மனுஷர் காய்ச்சலில் படுத்திருப்பது மாதிரி இருந்தது அந்த மலை. நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி பாய் அதைத் தொட்டுப் பார்ப்பார். மதியத்தில் ஈரச் சாக்கின் வாசனையும் பக்கத்து வேப்பமரத்துக் காற்றும் சேர்ந்து வந்து எனக்குத் தூக்கமாக வரும். அக்கா அடுப்படி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு டைபாய்டு வந்தப்ப இந்த மனுஷன் ஊர்ல இல்லாமப் போயிட்டாரு பாருங்கம்மா."

பேரீச்சம்பழம்

நிறம் ஏற்றும் நாள் எனக்குப் பிடித்த நாள். அதுவரை சாம்பலாக நிற்பது அன்றைக்குத்தான் கண் விழிக்கும். என்ன நிறம் என்று பாயைக் கேட்டேன். விடியும்போது பால் ஊற்றாத டீ, மத்தியானம் பார்க்க முடியாது, கண் கூசும், பொழுது இறங்கும்போது பேரீச்சம்பழம் என்றார். ஒரு மலை, மூன்று நிறம். திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். சிவப்பு, கறுப்பு, கொஞ்சம் மஞ்சள் என்று ஒவ்வொன்றையும் தண்ணீராகக் கரைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிசாக அடித்தேன். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து பாய் வந்தார். அப்போது வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது. நாற்றங்கால் பச்சைக்கு அந்தப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலை சிவந்தது, பிறகு கனிந்தது, பிறகு பேரீச்சம்பழமாகவே ஆகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் செய்தது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கொக்குகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. டீ டம்ளருடன் அக்கா பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த நேரத்துலதான் வேலை விட்டு வந்து, குளிச்சிட்டு, ஜன்னல்கிட்ட உக்காருவேன்" என்றார் பாய். உட்கார்ந்து என்ன செய்வீர்கள் என்று அக்கா கேட்டார். "நீ இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருப்பேன்னு நெனப்பேன்" என்றார். அக்கா டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மாட்டை அவுத்துக் கட்டிக்கிட்டு இருப்பேன். போன்ல ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

பெட்டி

வேலை முடிந்து, மலையைத் தடவிக் கொடுத்துவிட்டுத் தஞ்சாவூர் வந்து சேர்ந்தேன். நம் வேலை நன்றாக அமைந்துவிட்டது என்று நான் இறுமாந்து திரிந்த நாட்கள் அவை. புரட்டாசிக் கடைசியில் அக்கா போன் செய்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து வாயெல்லாம் பல்லாக எடுத்தேன்.

பாய் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாராம். மலையைப் பார்க்கப் பார்க்க அங்கே போக வேண்டும் என்ற நினைப்பு அதிகமாகத்தான் ஆகிறதாம். கூட்டாளி விசாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டாராம், இவர் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். கொஞ்சம் சுமாராகச் செய்திருந்தால் மனுஷர் வீட்டில் இருந்திருப்பாரோ என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அழகாக வந்துவிட்டதே என்று நொந்துகொண்டது என் தொழிலில் அந்த ஒரு தடவைதான். போனிலேயே அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க, கேட்ட மலையைத்தானே குடுத்தீங்க. எனக்குத்தான் வேற எதைக் கேக்குறதுன்னு தெரியல."

இறக்கம்

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் பாயே கூப்பிட்டார். "அம்மா, மலை சாயுது" என்றார்.

இது முழுக்க எங்கள் தப்பு. வேறு ஊர்க்காரர்கள் செய்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விடலாம், இந்த மண்ணிலேயே பிறந்த நாங்கள் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது. கோடையில் எங்கள் களிமண் கடப்பாறையையே எகிற வைக்கும். இரும்பு மாதிரி இருக்கிறது, உள்ளே கூடாக இருக்கும் மலைக்கு இது தாராளம் என்று மேலாக ஒரு தளம் போட்டு நிறுத்திவிட்டோம். மழையில் அதே மண் உளுந்து மாவாகிவிடும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். அது போதாதென்று, தோள்பட்டை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பாய் கேட்கக் கேட்க மேற்குப் பக்கமாகவே பூசி ஏற்றியிருந்தோம். மலை இப்போது அந்தப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.

மன்னார்குடியில் பஸ் மாறி, நனைந்துகொண்டு போய் இறங்கினோம். பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றிருந்தார். தென்னங்கட்டைகளை முட்டுக் கொடுத்து, செங்கல் ஜல்லியைத் திணித்து, தேங்கின தண்ணீரை வாய்க்காலுக்கு வெட்டி விட்டிருந்தார். சாரம் கட்டியே பழகின கை அல்லவா, ஒரு கட்டைகூட அசையவில்லை. உதவிக்கு இறங்கின பழனியண்ணனை, "அந்தக் கட்டையைத் தொடாதீங்கண்ணே, அதுலதான் மொத்தப் பாரமும் நிக்குது!" என்று அதட்டினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பத்து வயசு குறைந்தவர் மாதிரி இருந்தார்.

அப்போது போன் அடித்தது. கூட்டாளிதான். பாயின் இரண்டு கையிலும் சேறு. அக்காவே போனை எடுத்து, குடையையும் பிடித்துக்கொண்டு, அவர் காதில் வைத்தார். பாய் ஒரு கையால் முட்டுக்கட்டையைப் பிடித்தபடி பேசினார்.

"மலை ஒரு பக்கமா இறங்கிடுச்சுப்பா. இதை இப்புடியே போட்டுட்டு நான் எப்புடி வர்றது? நீ வேற ஆளைப் பாத்துக்க."

மிச்சம்

மழை விட்டதும் நானும் பழனியண்ணனும் உட்கார்ந்து யோசித்தோம். சுற்றிலும் ஆழமாகத் தோண்டி, மணல் நிரப்பி, நாலு பக்கமும் தூண் இறக்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்திவிட்டால் பிறகு எந்த மழைக்கும் அசையாது. எங்கள் தப்பு, எங்கள் செலவு. பாயிடம் சொல்லக் கிளம்பினேன். அடுப்படிப் பக்கமிருந்து அக்கா கையைக் காட்டிக் கூப்பிட்டார். சுடச்சுட டீயைக் கையில் கொடுத்து, பாய்க்குக் கேட்காத குரலில் பேசினார்.

கொல்லையில் பாய் மலையின் அடியில் குந்தி உட்கார்ந்து, ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டு, சாய்வு நேற்றைக்கு எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நடவு முடிந்த வயல் தண்ணீரும் வானமுமாக ஒன்றாகிக் கிடந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"முழுசா சரி பண்ணிடாதீங்கம்மா. மேல விழாத அளவுக்குப் பண்ணிட்டுப் போங்க, மிச்ச சாய்வை அவரு பாத்துக்குவாரு."

உங்கள் தொழிலில் எப்படியோ தெரியாது, நான் அரைகுறையாகச் செய்துவிட்டு வந்த ஒரே வேலைக்குத்தான் பெருநாள் தவறாமல் வீடு தேடிப் பிரியாணி வருகிறது.